ட்ரையலுக்குக் கொடுத்த ஸ்தோத்திரம்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், நானும் மறுப்பதில்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த அந்த மழைக்காலத்தில் எனக்கு வந்த கோபத்துக்கு முழு நியாயம் உண்டு. இன்னும் கிடைக்காத காலேஜ் சீட்டுக்கு எங்கள் அப்பா கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டார். அறைக்குள் முழங்காலில் நின்று தனியாகச் சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? அவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், சபை முழுக்கக் கேட்கும்படி, உறையில் காணிக்கை வைத்து, கூடவே ஒரு ஏத்தன் வாழைக்குலையையும் சேர்த்துக் கொடுத்துச் சொன்னார்.

எங்கள் வீடு கேரளத்துக் குளத்தூர்ப் பக்கம். கொஞ்ச தூரம் நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். அப்பாவுக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வேலை. அம்மா வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். அதில்தான் நான் கெமிஸ்ட்ரியைக் கண்டது. அலுமினிய டிஷ்ஷில் ரப்பர் பாலை ஊற்றி, தண்ணீர் கலந்த ஆசிட்டைக் கொஞ்சம் விட்டு, அப்பா நுரையை வழித்து எடுப்பார். சற்றுமுன் வரை அலையடித்துக்கொண்டிருந்த பால் கொஞ்ச நேரத்தில் கட்டியாகிக் கிடக்கும். "இது எப்படிப்பா கட்டியாகுது?" என்று சின்ன வயதில் கேட்டால், "ஆசிட் ஊத்தினா கட்டியாவும்" என்பார். ஏன் என்று கேட்டால், "அதுக்குத்தான் ஊத்துதது" என்பார். இந்தப் பதிலால் எனக்கு வந்த எரிச்சல்தான் என்னைப் படிக்க வைத்தது. கெமிஸ்ட்ரி படித்தே தீருவது என்று எட்டாம் வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டேன்.

எல்லையில் குடியிருப்பதில் ஒரு வசதி, இரண்டு பக்கமும் விண்ணப்பம் போடலாம். பதில் சொல்கிற விதம்தான் பக்கத்துக்குப் பக்கம் வேறு. அக்கரையில் ஒரு காலேஜ். எல்லைக்கு அப்பால் இருப்பதை அக்கரை என்று சொல்லிக்கொள்வோம், நடுவில் ஆறு எதுவும் கிடையாது. அங்கிருந்து போன் வரும். தேன் ஒழுகும் குரலில் ஒரு பெண், "பி.காம் சீட் உங்களுக்காகவே வச்சிருக்கோம்மா, எப்ப வர்றீங்க?" என்பாள். நான் கேட்ட கெமிஸ்ட்ரி அங்கே இல்லவே இல்லை. அதனால் என்ன, அம்மாவின் முழங்கால் வலி வரைக்கும் அவள் விசாரிப்பாள். இக்கரையில் எல்லாம் நேர்மாறு. யூனிவர்சிட்டியின் கம்ப்யூட்டர் ஊரில் உள்ள பிள்ளைகளின் மார்க்கையும் விருப்பத்தையும் சேர்த்துப் பார்த்து, ஒருநாள் வெப்சைட்டில் முடிவைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். வா என்று ஒரு வார்த்தை கிடையாது. அதிலும் முதலில் வருவது ட்ரையல் அலாட்மென்ட். அது வெறும் ஒத்திகை. இப்போதைய நிலவரப்படி உனக்கு இந்த இடம் வரலாம் போலிருக்கிறது, விருப்ப வரிசையை மாற்றுவதானால் மாற்றிக்கொள் என்பதோடு சரி. அதற்குப் பிறகுதான் உண்மையான முதல் அலாட்மென்ட், இரண்டாம் அலாட்மென்ட் எல்லாம்.

என் முதல் விருப்பம் தனுவச்சபுரத்தில் கெமிஸ்ட்ரி. வீட்டிலிருந்து ஒரே பஸ். அதற்குக் கீழே பக்கத்தில் இன்னும் ஒன்றிரண்டு காலேஜ்கள். தூரத்துக் காலேஜ் எதையும் சேர்க்க அப்பா விடவில்லை. ஹாஸ்டலில் விட்டுவிட்டு இருக்கத் தனக்குத் தைரியம் இல்லை என்று கூச்சப்படாமல் சொன்னார். ஆக, இக்கரையில் கிடைத்தால் கெமிஸ்ட்ரி, கிடைக்காவிட்டால் அக்கரையில் பி.காம். அவ்வளவுதான் என் நிலைமை.

பக்கத்து வீட்டு அக்கா ஜங்ஷனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாள். ஊரில் பாதிப் பிள்ளைகளின் விண்ணப்பம் அவள் விரல் வழியாகத்தான் போகும். என்னுடையதும் அப்படித்தான் போனது. ஒரு சனிக்கிழமை அப்பா ரப்பர் ஷீட்டை விற்றுவிட்டுத் திரும்பும் வழியில் அந்தக் கடையில் எட்டிப் பார்த்திருக்கிறார். அக்கா திரையிலிருந்து தலையை எடுக்காமலேயே, "அண்ணா, பிள்ளைக்கு ட்ரையல் வந்தாச்சு. தனுவச்சபுரம் கெமிஸ்ட்ரி காணிக்குது. ஆனா..." என்றாளாம். ஆனாவுக்குப் பிறகு உள்ளதைக் கேட்க அப்பா அங்கே இல்லை. அவருடைய ஸ்கூட்டர் ஜங்ஷனைத் தாண்டியிருந்தது.

"எட்டி! பிள்ளைக்குக் கெமிஸ்ட்ரி கிடைச்சாச்சு!" என்று அவர் போட்ட சத்தத்தில் அம்மா மெஷினை விட்டு எழுந்தாள். நானாவது போனில் சரிபார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அப்பா அப்படிச் சிரித்து நான் அதுவரை கண்டதில்லை. அந்தச் சிரிப்பை எதிரில் வைத்துக்கொண்டு யாருக்கு வெப்சைட் ஞாபகம் வரும்? நானும் குதித்தேன். அம்மா அழுதாள். அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு வாழைத்தோட்டத்துக்குப் போய், இருந்ததிலேயே பெரிய ஏத்தன் குலையை வெட்டிச் சாய்த்தார்.

மறுநாள் சபை. எங்கள் சபை மிஷன் காலத்துப் பழைய சபை. ஆராதனை மலையாளத்தில் நடக்கும். சண்டை, ஏலம், பரிகாசம் எல்லாம் தமிழில். போதகர் ஸ்தோத்திரக் காணிக்கைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தார். ஒருவருக்குக் காய்ச்சல் மாறியது, ஒருவருக்குப் பேத்தி பிறந்தது. அடுத்து எங்கள் முறை. மகளுக்குத் தனுவச்சபுரத்தில் டிகிரிக்கு இடம் கிடைத்ததற்காக இந்தக் குடும்பம் ஆண்டவருக்கு நன்றி செலுத்துகிறது என்றார். அங்கங்கே தலைகள் திரும்பின. சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொறாமை போலிருக்கிறது என்று நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆராதனை முடிந்ததும் வாசலில் குலையை ஏலம் போட்டார்கள். படைக்கிற காய்கனி, கோழி எல்லாம் எங்கள் சபையில் ஏலத்துக்குத்தான் வரும், பணம் சபைக்குப் போகும். அன்று குலைக்கு நல்ல போட்டி. விலை ஏற ஏற அப்பாவின் நெஞ்சும் ஏறியது.

வீட்டுக்கு வந்து அம்மா சேமியா பாயசம் வைத்தாள். தூக்குப்பாத்திரத்தில் ஊற்றிப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தாள். சற்று நேரத்தில் அக்கா தூக்குப்பாத்திரத்தோடு எங்கள் வாசலில் நின்றாள்.

"என்ன விசேஷம்? பாயசம் எதுக்கு?"

"நீதானே சொன்ன, பிள்ளைக்கு சீட்டு கிடைச்சுன்னு" என்றார் அப்பா.

அக்காவின் வாய் திறந்தபடி நின்றது. "அண்ணா, அது ட்ரையலாக்கும்! சும்மா காணிக்குதது. நான் சொல்லி முடிக்கதுக்குள்ள நீங்க பறந்துட்டீங்க. இனிமேத்தான் ஒரிஜினல் வரும். வரிசைய மாத்துததுக்கு எல்லாருக்கும் டைம் குடுத்திருக்கு. கூட மார்க்குள்ள பிள்ளைங்க வந்து கேறினா நம்ம பிள்ள கீழ போவும்."

அடுப்பில் மிச்சப் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா அம்மா பக்கம் திரும்பினார்.

"எட்டி, நீ ஒருத்தனுக்கு சட்டை ட்ரையல் பாத்தா, பெறவு அந்த சட்டைய வேற ஒருத்தனுக்கா குடுப்ப? கையக் கொஞ்சம் பிடிப்ப. அவ்வளவுதானே?"

"நான் ஒரு ஆளுக்கு ஒரு சட்டை தைக்கேன்" என்றாள் அம்மா. "இஞ்ச ஒரு சட்டைக்கு ஊரே வரிசையில நிக்குது."

எனக்குத் தலை கொதித்தது. கையிலிருந்த டம்ளரை நங்கென்று வைத்தேன். போய் எல்லாரிடமும் உண்மையைச் சொல்லுங்கள், போதகரிடம் சொல்லுங்கள், அந்தக் காணிக்கையைத் திரும்ப வாங்குங்கள் என்று கத்தினேன்.

"குடுத்த ஸ்தோத்திரத்த திருப்பிக் கேக்கவா முடியும்?" என்றார் அப்பா. "ஆண்டவரு வரவு வச்சிருப்பாரு. வெளிய யாரும் மூச்சு விடக்கூடாது, கேட்டியா."

அன்றிலிருந்து நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வது? பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்கும் மாமி காலேஜுக்குப் பிடித்துப் போக ஒரு புதுக் குடை கொடுத்தாள். பலசரக்குக் கடைக்காரர் என்னைக் கண்டாலே, "நம்ம கெமிஸ்ட்ரி டீச்சரு வருதாக" என்பார். கிடைக்காத சீட்டுக்குக் கிடைத்த குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் நடப்பது என்ன சுகம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நான் பிடிக்கவில்லை. நனைந்தேன். அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

முதல் அலாட்மென்ட் வந்தது. இந்த முறை நானே போனைத் திறந்து பார்த்தேன். தனுவச்சபுரமும் இல்லை, வேறு எதுவும் இல்லை. இப்போது உங்களுக்கு இடம் ஒதுக்கப்படவில்லை என்று ஒரு வரி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஷெட்டுக்குப் போய், கட்டியாகிக் கிடந்த ரப்பர் பாலை எடுத்து ரோலரில் கொடுத்து, என் கோபம் முழுவதையும் கைப்பிடியில் காட்டிச் சுற்றினேன். ஷீட்டெல்லாம் அப்பளம் மாதிரி வந்து விழுந்தன. அப்பா வந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டார். அன்று சாயங்காலம் அக்கரைக் காலேஜ் பெண் போன் செய்தாள். இரண்டாம் அலாட்மென்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றாள் அம்மா. அதிலும் இல்லையென்றால் மறுநாளே வந்து பி.காமில் சேர்ந்துவிடுகிறோம் என்றும் சொல்லிவிட்டாள். நானும் தலையாட்டினேன். வேறு வழி என்ன இருந்தது?

ஆனால் ஊரை ஏமாற்றிக்கொண்டிருப்பது மட்டும் என்னால் ஆகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் யாரோ படைத்த கோழியை ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சபைப் பொருளாளர் கோழியைக் கக்கத்தில் இடுக்கியபடி விலை கேட்டுக்கொண்டிருந்தார். நான் விறுவிறுவென்று படியேறி அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"எல்லாரும் கேளுங்க! எனக்கு சீட்டு ஒண்ணும் கிடைக்கல்ல. அது வெறும் ட்ரையல். அப்பா அறியாம ஸ்தோத்திரம் குடுத்துட்டாரு!"

அப்பா மாமரத்தடியில் தலையைக் குனிந்து நின்றார். பொருளாளர் என்னையும் பார்த்தார், கோழியையும் பார்த்தார்.

"மக்கா, அது நாங்க அன்னைக்கே அறிஞ்ச காரியமாக்கும். இப்ப நீ இந்தக் கோழிக்கு விலை சொல்லுதியா, இல்ல எறங்குதியா?"

வாசலே சிரித்தது. குடை கொடுத்த மாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஏ பிள்ள, எனக்க மவனுக்கும் அந்த சனிக்கிழமைதான் ட்ரையல் வந்தது. இஞ்ச பாதி வீட்டுல வந்தது. உங்க அப்பன் குலையும் தூக்கிட்டு வந்து நின்னப்ப எங்களுக்கு என்ன செய்யன்னே தெரியல்ல. அந்த முவத்தப் பாத்து யாருக்கு சொல்ல மனசு வரும்?"

"பின்ன குடை எதுக்கு குடுத்தீங்க?" என்று கேட்டேன், இன்னும் கோபமாகத்தான்.

"ட்ரையல்ல கெமிஸ்ட்ரி கிடைச்ச பிள்ளைக்கு அக்கரையில பி.காமாவது கிடைக்காமலா போவும்? அங்கயும் மழ பெய்யும்லா?"

அதற்கு மேல் கோபத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா மாமரத்தடியிலிருந்து நிமிர்ந்தார். மானம் போன மனிதர் வேறு என்ன செய்வார்? கோழிக்கு விலை சொன்னார். யாரும் அவரோடு போட்டி போடவில்லை. அன்று கோழியோடுதான் வீட்டுக்கு வந்தோம்.

இரண்டாம் அலாட்மென்ட் வருகிற நாள் அப்பா வேலைக்குப் போகவில்லை. மழையும் பெய்தது, அது ஒரு சாக்கு. என் போனில் வெப்சைட் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் போனைத் திட்ட, அம்மா என்னைத் திட்ட, கோழி திண்டாடி இங்கும் அங்கும் ஓட, ஜங்ஷன் பக்கமிருந்து அக்கா தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அண்ணா! வந்தாச்சு! தனுவச்சபுரம்! கெமிஸ்ட்ரி!"

நான் கூவினேன். அப்பா அசையவில்லை. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முழுசா சொல்லு" என்றார்.

"என்னத்த முழுசா? கிடைச்சாச்சு!"

"ஆனான்னு உண்டா?"

"ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல. இது ஒரிஜினலாக்கும் அண்ணா. காலேஜுக்குப் போய்ச் சேந்தாப் போதும்!"

அதற்குப் பிறகுதான் அப்பா தூணை விட்டார். அம்மா அக்காவைக் கட்டிக்கொண்டாள். ஈரமெல்லாம் அம்மா மேல். கொஞ்சம் அடங்கியதும் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணா, ஒரு குலை வேணும்" என்றாள்.

"எதுக்கு?"

"நீங்க முன்கூட்டியே நன்றி சொல்லிட்டீங்க. சொன்ன பெறவு எந்த முவத்த வச்சுட்டுப் போய்க் கேப்பீங்க? கேக்கதுக்கும் ஒரு ஆளு வேணும்லா. அதான் நான் செங்கல் ஊருல எங்க சாமி கோயில்ல போய்க் கேட்டேன். குலை ஒண்ணு நேந்திருக்கேன்."

"நீ நேந்ததுக்கு எனக்க குலையா?"

"பின்ன, எனக்க மவளுக்கா சீட்டு கிடைச்சிருக்கு?"

"நான்தான் சபையில குலை குடுத்தாச்சே."

"அது ட்ரையலுக்குக் குடுத்ததாக்கும். இது ஒரிஜினல்."

அம்மா சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் அப்பா ஒரு நிபந்தனை போட்டார். குலை கொடுக்கலாம், ஆனால் காலேஜ் ஆபீஸில் அட்மிஷன் முடிந்த பிறகுதான். இனிமேல் முன்கூட்டி எதுவும் கிடையாது.

அப்படித்தான் சேர்க்கை நாளன்று நானும் அப்பாவும் ஒரு ஏத்தன் குலையும் ஒரே ஸ்கூட்டரில் தனுவச்சபுரத்துக்குப் போனோம். குலை முன்னால் கால் வைக்கிற இடத்தில். அப்பா காலை அகட்டி வைத்து ஓட்டினார். நான் பின்னால் சர்டிபிக்கெட் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மாமியின் குடையோடு. காலேஜ் வாசலில் செக்யூரிட்டி குலையைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். "பிரின்சிப்பாலுக்கோ?" என்றார். "இல்ல சாரே, செங்கலுக்கு" என்றார் அப்பா, அது எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்பது போல.

ஆபீஸ் வராந்தாவில் வரிசை நீண்டிருந்தது. அப்பா என் பக்கத்தில் நிற்காமல் எதிரே வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவர். அதில் ஒன்றுமே இல்லை.

"அங்க என்னப்பா?"

"இஞ்சதான் லிஸ்ட் ஒட்டுவாங்க. எங்க காலத்துல. பத்து முடிச்சு ப்ரீ டிகிரிக்கு நானும் போட்டிருந்தேன் மக்கா. லிஸ்ட் ஒட்டினன்னைக்கு வந்து பாத்தேன், எனக்க பேரு இல்ல. ரெண்டாவது லிஸ்ட் போடுவாங்கன்னு சொன்னாங்க. தெனமும் பஸ் கேறி வந்து பாத்தேன். பழைய லிஸ்ட் மழையில நனைஞ்சு பிஞ்சு போச்சு. வேற லிஸ்ட் வரல்ல. பெறவுதான் பால் வெட்டப் போனேன்."

அவர் இதை முன்பு ஒருநாளும் சொன்னதில்லை. அம்மாவிடம் கூடச் சொல்லியிருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. அக்காவின் கடையில் தனுவச்சபுரம் என்ற சொல்லைக் கேட்டதும் மீதியைக் கேட்காமல் அவர் ஏன் ஓடினார் என்று அப்போது எனக்குப் புரிந்தது. அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது, உள்ளே கூப்பிட்டார்கள்.

கண்ணாடி போட்ட ஒரு கிளார்க் அம்மா என் சர்டிபிக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, கம்ப்யூட்டரில் எதையோ தட்டி, கையெழுத்து வாங்கி, நிமிர்ந்து, மலையாளத்தில் "அட்மிஷன் ஆயி" என்றார்.

அப்பா மேஜையை விட்டு நகரவில்லை. "மீதி?" என்றார்.

"எந்து மீதி?"

"ஆனான்னு ஒண்ணும் இல்லியே மேடம்?"

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அப்பாவை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். என்ன புரிந்ததோ, கொஞ்சம் சிரித்தார். "ஒந்நுமில்ல சேட்டா. குட்டி இனி இவிடத்தெயாணு" என்றார். பிள்ளை இனி இங்கத்தவள்.

பையில் சர்டிபிக்கெட்டுகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டு நான் திரும்பினால் அப்பாவைக் காணோம். வெளியே வந்து பார்த்தேன். அந்த வெறும் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பதறியது. பதறினால் எனக்குக் கோபம்தான் வரும். கிட்டே போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"அப்பா, என்ன இது? எல்லாரும் பாக்குதாக."

அவர் திரும்பினார். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் அந்தச் சனிக்கிழமைச் சிரிப்பு.

"பாக்கட்டு மக்கா. நல்லா பாக்கட்டு. அன்னைக்கு நான் இஞ்ச நின்னப்ப ஒருத்தரும் பாக்கல்ல."